உலர்குழாய் வால்வு: பராமரிப்பும் மீளமைப்பும் – சென்னைச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பிரிங்க்ளர் எனப் பரவலாக அறியப்படும் தானியங்கி நீர்தெளிப்பான் அமைப்புகளுள் உலர்குழாய் முறை, உறைகுளிர் நிலவும் இடங்களுக்கு உரியது. சென்னையில் அதன் பயன்பாடு குளிர்க்கிடங்குகளோடு நின்றுவிடுவதால், அதனைக் கையாளும் பட்டறிவும் அரிதாகவே வாய்க்கிறது. இக்கட்டுரை உலர்குழாய் வால்வின் இயக்கத்தையும், சென்னையின் ஈரக்காற்று அதற்கு விளைவிக்கும் இடர்களையும், பராமரிப்புக் கால ஒழுங்கையும், ஒருமுறை இயங்கிய வால்வை மீண்டும் ஆயத்த நிலைக்குக் கொணரும் முறையையும் விளக்குகிறது. ‘வால்வு’, ‘ரீசெட்’ ஆகிய இரு சொற்களும் பணியிடத் தமிழில் இரட்டைப் பொருள் தருவதால் நேரக்கூடிய பிழையைச் சுட்டி, அதனைத் தவிர்க்கும் சொல்லாட்சியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உலர்குழாய் வால்வு, மூடுதட்டு, நீர்வழி வால்வு, மீளமைப்பு, குளிர்க்கிடங்கு, தொழில்நுட்பத் தமிழ்.

முன்னுரை

சென்னை நகரின் நினைவில் நிலைத்துவிட்ட தீ விபத்துகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கன. 1975 ஜூலை 11 அன்று அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தில் தீப்பற்றியது. 2017 மே 31 அதிகாலையில் தியாகராயநகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடைக் கட்டடமொன்றில் பற்றிய தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. அக்கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, எஞ்சிய பகுதி பின்னர் இடிக்கப்பட்டது. வளர்ந்துவிட்ட தீயை வெளியிலிருந்து அணைப்பது எத்துணை அரிது என்பதற்கு இவை சான்றுகளாகும். தீ தோன்றிய இடத்திலேயே, தோன்றிய சில நிமிடங்களுக்குள் அதனை அடக்குவதே நீர்தெளிப்பான் அமைப்பின் நோக்கம்.

அந்நோக்கம் நிறைவேறாமற்போவதற்குப் பெரும்பாலும் கருவியின் குறை காரணமன்று. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் அந்நாட்டுத் தீ விபத்துகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கைகளின்படி, நீர்தெளிப்பான் இருந்தும் இயங்காத நேர்வுகளுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்றில் நீர் வரும் வழியே மூடப்பட்டிருந்தது. பழுது பார்க்கவோ சோதனைக்காகவோ மூடிய வால்வைத் திறக்க மறந்தவர் ஒருவர் அவற்றுட் பலவற்றின் பின்னணியில் இருந்திருக்கக்கூடும். ஆதலின், வால்வை மீளமைத்தல் என்பது தீ அணைந்தபின் செய்யும் ஒழிவுவேலை அன்று. அடுத்த தீக்கு எதிரான முதற்பணி அது.

ஈரக்குழாயும் உலர்குழாயும்

நீர்தெளிப்பான் அமைப்புகளுள் பெருவழக்காக உள்ளது ஈரக்குழாய் முறை. கூரையடியில் செல்லும் குழாய்களில் அழுத்தத்துடன் நீர் எந்நேரமும் நிறைந்திருக்கும். வெப்பம் ஏறியதும் தெளிப்பானின் கண்ணாடிக் குமிழ் உடைந்து அந்தக் கணமே நீர் பொழியும். சிவப்புக் குமிழாயின் அது உடையும் வெப்பநிலை 68 டிகிரி செல்சியஸ். தியாகராயநகரின் வணிக வளாகங்கள், மயிலாப்பூரின் மருத்துவமனைகள், அடையாற்றின் அலுவலகங்கள் போன்றவற்றுக்கு இம்முறையே பொருந்துவது.

நீர் உறைந்துவிடும் இடத்தில் இம்முறை பயன்படாது. உறைந்த நீர் விரிந்து குழாயை வெடிக்கச் செய்யும். தெளிப்பானுக்குச் செல்லும் வழியையும் அடைத்துவிடும். எனவே 4 டிகிரிக்குக் கீழே குளிரக்கூடிய இடங்களில் குழாயினுள் நீருக்கு மாறாகக் காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தத்துடன் அடைத்து வைப்பர். நீர், வெப்பமான அறையொன்றில் உள்ள உலர்குழாய் வால்வின் அடியில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். பனிநாடுகளில் வாகன நிறுத்தங்களிலும் சூடேற்றப்படாத கிடங்குகளிலும் இதனைக் காணலாம். சென்னையிலோ, பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 14 டிகிரிக்கு அண்மையது. ஆதலின் இந்நகரில் உலர்குழாயின் இடம் மீன், இறைச்சி, ஐஸ்கிரீம், மருந்து முதலியவற்றைக் காக்கும் உறைகுளிர் அறைகளே ஆகும். ஈரக்குழாயில் பழகிய கைகளே இங்கு உலர்குழாயையும் தொட நேர்கிறது. இடர் அங்கிருந்து தொடங்குகிறது.

மூடுதட்டின் இயக்கம்

உலர்குழாய் வால்வினுள் கீல் ஒன்றில் பொருத்தப்பட்ட மூடுதட்டு உள்ளது. அதன் அடிப்புறத்தில் நீரும் மேற்புறத்தில் காற்றும் அழுத்துகின்றன. குறைந்த அழுத்தமுள்ள காற்று மிகுந்த அழுத்தமுள்ள நீரை எவ்வாறு தடுக்கிறது என்னும் வினா எழலாம். பரப்பு வேறுபாடே அதற்கு விடை. வேறுபாட்டு வகை வால்வுகளில், காற்றுப் படும் பரப்பு நீர் படும் பரப்பைக் காட்டிலும் ஐந்து அல்லது ஆறு மடங்கு பெரியது. அவ்விகிதத்தை 5.5 எனவும் நீரழுத்தத்தை 7 பார் எனவும் கொள்வோமாயின், காற்றழுத்தம் 1.3 பார் அளவுக்கு இறங்கும்போது தட்டு திறந்துவிடும். தற்செயலாகத் திறந்துவிடாதிருக்க, இதற்கு மேல் ஏறத்தாழ 1.4 பார் சேர்த்துக் காற்றை 2.7 பாரில் நிறுத்துவது வழக்கம். காற்று மிகுவதும் நன்றன்று. மிகுந்த காற்று வெளியேற நேரம் பிடிப்பதால் நீர் வந்து சேர்வது தாமதமாகும்.

தட்டு அமரும் இரு வளையங்களுக்கு இடையே ஓர் இடைவெளி அறை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தமே அதில் நிலவும். அதனின்று வெளியே செல்லும் சிறு சொட்டு வால்வு, கசிவைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாகச் செயற்படுகிறது. அங்கே நீர் சொட்டினால் நீர்ப்புற அமர்விலோ மேல்நீர் நிற்கும் புறத்திலோ குறையுண்டு; காற்று சீறினால் காற்றுப்புற அமர்வில் குறையுண்டு. தட்டு திறந்ததும் நீர் இவ்வறையை நிரப்பி, எச்சரிக்கை மணிக்கும் அழுத்த விசைக்கும் செய்தி அனுப்புகிறது.

திறந்த தட்டு மீண்டும் கீழிறங்காதபடி கொக்கியொன்று அதனைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான உலர்குழாய் வால்வுகளுக்குரிய இவ்வமைப்பே ஈரக்குழாயினின்றும் இதனை வேறுபடுத்தும் முதன்மைக் கூறு. ஈரக்குழாயின் எச்சரிக்கை வால்வில் நீரோட்டம் நின்றதும் தட்டு தானே அமர்ந்துவிடும். உலர்குழாயில் மனிதக் கை அதனை விடுவித்து அமர்த்தினாலன்றி அது அமராது.

ஒரு பெயர், இரு வால்வுகள்

உலர்குழாய் வால்வுக்குக் கீழே, நீர் வரும் வழியில், கையால் இயக்கும் மற்றொரு வால்வு உண்டு. சக்கரத்தைச் சுழற்றி முழு அமைப்புக்குமான நீரை நிறுத்தவோ விடவோ உதவுவது அதுவே. இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பணியிடப் பேச்சில் இரண்டும் ‘வால்வு’ என்றே சுட்டப்படுகின்றன. ஆயினும் அவற்றின் இயல்பான நிலைகள் நேர் எதிரானவை: கீழுள்ளது எப்போதும் திறந்திருக்க வேண்டும், மேலுள்ளது தீயில்லாதபோது மூடியிருக்க வேண்டும்.

‘வால்வை மூடிவிட்டாயா?’ என்னும் வினாவுக்கு ‘மூடிவிட்டேன்’ என்னும் விடை, மேலுள்ளதைக் குறித்தால் பணி முடிந்ததென்றும், கீழுள்ளதைக் குறித்தால் கட்டடம் காப்பற்று நிற்கிறதென்றும் பொருள்படும். ஒரே விடை இரு நேரெதிர் நிலைகளைக் குறிப்பது பாதுகாப்புப் பணியில் ஏற்கத்தக்கதன்று. இக்கட்டுரை கீழுள்ளதை ‘நீர்வழி வால்வு’ எனவும், மேலுள்ளதன் நகரும் உறுப்பை ‘மூடுதட்டு’ எனவும் பிரித்து வழங்குகிறது. ‘நீர்வழி திறந்தது; தட்டு அமர்ந்தது’ என்று கூறும்போது ஐயத்திற்கு இடமில்லை.

‘ரீசெட்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தீ எச்சரிக்கைப் பலகையில் அவ்வெழுத்துப் பொறித்த பொத்தானை அழுத்தினால் மணியோசை நின்று விளக்குகள் இயல்புக்குத் திரும்பும். அதே சொல் உலர்குழாய் வால்வுக்கு ஆளப்படும்போது, பல படிகள் கொண்ட, சில மணிநேரம் பிடிக்கக்கூடிய பணியைக் குறிக்கிறது. பலகையில் ‘ரீசெட்’ ஆகிவிட்டதென்று கேட்ட மேலாளர், வால்வும் ஆயத்தமாகிவிட்டதெனக் கருத வாய்ப்புண்டு. முன்னதை ‘ஒலி நிறுத்தம்’ என்றும் பின்னதை ‘மீளமைப்பு’ என்றும் பதிவேட்டில் தனித்தனியே எழுதுவது இம்மயக்கத்தைப் போக்கும்.

சென்னைக் காற்றும் உறைகுளிர் அறையும்

உலர்குழாய் என்னும் பெயர், உள்ளே ஈரமே இல்லை என்னும் எண்ணத்தைத் தருகிறது. கடலோர நகரில் அது உண்மையன்று. 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி உண்டு. அதே காற்று மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிராமையே தாங்கும். எஞ்சிய 22 கிராம் நீராகவோ பனியாகவோ எங்கேனும் படிந்தே தீரும். குழாய் இணைப்புகளில் சிறு கசிவுகள் இருந்து, அவற்றை ஈடுசெய்யக் கம்ப்ரசர் நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதாகக் கொள்வோம். ஓராண்டில் அக்காற்று கொணரும் ஈரம் ஏறத்தாழ 8 கிலோகிராம். அதில் ஒரு பகுதி கம்ப்ரசர் தொட்டியிலேயே தங்கும். மற்றது குழாய்க்குள் சென்று, குளிரறைக்குள் குழாய் நுழையும் இடத்தை அடுத்துப் பனிக்கட்டியாகத் திரண்டு அடைப்பை உண்டாக்கும்.

இவ்வடைப்பு வெளியே தெரியாது. வால்வறையின் அழுத்தமானி சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். தீ நேர்ந்தால், அடைப்புக்கு அப்பாலுள்ள காற்று மட்டும் வெளியேறும்; வால்வு திறக்காது. எனவே உறைகுளிர் அறைகளுக்கான காற்றை அவ்வறையிலிருந்தே எடுப்பது, உலர்த்திக் கருவி வழியே செலுத்துவது, நைட்ரஜன் உருளைகளைப் பயன்படுத்துவது ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. காற்றுக்குழாயை இரண்டாக அமைத்து, ஒன்றைக் கழற்றி உள்ளே பனி படிந்துள்ளதா எனப் பார்க்கும்போது மற்றொன்று இயங்குமாறு செய்தலும் நன்று.

குளிரறைக்கு வெளியேயுள்ள குழாய்ப் பகுதிகளில் இதே ஈரம் வேறு வடிவில் தீங்கு செய்கிறது. தாழ்ந்த இடங்களில் தேங்கும் நீரும் அழுத்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து எஃகை அரிக்கின்றன. அரிப்பின் துகள்கள் பின்னர் தெளிப்பானின் துளையை அடைக்கின்றன. குழாய்களை வடிகாலை நோக்கிச் சாய்வாக அமைப்பது, கிளைக்குழாய்களில் மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் வீதம், இதன் பொருட்டே.

மின்தடையும் வெள்ளமும் இந்நகரின் வேறு இரு சூழ்நிலைகள். கம்ப்ரசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லையெனில், நீண்ட மின்தடையின்போது கசிவினால் காற்று இறங்கி, தீயின்றியே தட்டு திறந்து, உறைகுளிர் அறைக் குழாய்களில் நீர் புகுந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது அடித்தளங்கள் நீரில் மூழ்கியதை நினைவிற்கொண்டால், வால்வறையையும் கம்ப்ரசரையும் தரைமட்டத்திற்கு மேல் அமைப்பதன் தேவை விளங்கும்.

பராமரிப்புக் கால ஒழுங்கு

இந்தியாவில் நீர்தெளிப்பான் அமைப்புகளுக்கு ஐ.எஸ். 15105 என்னும் இந்தியத் தர விதியும், 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியும் அடிப்படையாகின்றன. பராமரிப்பின் கால இடைவெளிகளுக்கு அமெரிக்கச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 25 விரிவான வழிகாட்டியாகும். அதனைத் தழுவிப் பின்வருமாறு தொகுக்கலாம்.

வாரந்தோறும், தொலைக் கண்காணிப்பு இல்லாத இடங்களில், காற்று, நீர் ஆகிய இரு அழுத்தமானிகளையும் படித்து எழுதுதல் வேண்டும். ஒரு நாளின் அளவைவிட, வாரவரிசையில் தெரியும் இறக்கமே கசிவைப் பற்றிக் கூடுதலாகக் கூறும். நீர்வழி வால்வு திறந்துள்ளதா, சங்கிலிப் பூட்டு உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்தல் வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தட்டின் மேல் நிற்க வேண்டிய நீரின் அளவு, காற்றழுத்தக் குறைவு எச்சரிக்கை, வால்வை விரைந்து திறக்க உதவும் ஆக்சிலரேட்டர் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இயக்கச் சோதனை தேவை. நீர்வழி வால்வைச் சிறிதளவே திறந்து வைத்து, காற்றை வெளியேற்றித் தட்டு திறக்கும் அழுத்தத்தைக் குறித்து, உடனே நீரை நிறுத்துவது இச்சோதனை. குழாய்களில் நீர் நிரம்பாமல் காப்பதே சிறிதளவு திறப்பதன் நோக்கம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நீர்வழியை முழுதும் திறந்து சோதித்து, கடைக்கோடிச் சோதனை முனைக்கு நீர் வந்து சேரும் நேரத்தையும் அளத்தல் வேண்டும். பெரிய அமைப்புகளின் வடிவமைப்பில் 60 விநாடி என்பது பொதுவான வரம்பு. முழுச் சோதனையை, கிடங்கு காலியாகிக் குளிரூட்டல் நிறுத்தப்படும் காலத்தோடு பொருத்திக்கொள்வது அறிவுடைமை.

தாழ்ந்த இடங்களில் உள்ள வடிகால்கள் தனிக் கவனத்துக்கு உரியன. அங்கே இரண்டு வால்வுகளும் அவற்றினிடையே நீர் சேரும் குறுங்குழாயும் இருக்கும். மேலுள்ளதை மூடியபின்னரே கீழுள்ளதைத் திறந்து நீரை வடித்தல் வேண்டும். கீழுள்ளதை மூடியபின்னரே மேலுள்ளதைத் திறத்தல் வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்தால் காற்று வெளியேறி முழு அமைப்பும் இயங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் மிகும் என்பதால் இங்கு இப்பணி அடிக்கடி நிகழ்தல் நலம்.

மீளமைக்கும் முறை

வால்வின் வகைக்கேற்பச் சில படிகள் மாறும். உற்பத்தியாளரின் கையேடே இறுதியானது. பொதுவான வரிசை வருமாறு:

1. தீ முற்றிலும் அணைந்ததெனத் தீயணைப்பு அலுவலர் உறுதிசெய்த பின்னரே நீர்வழி வால்வை மூடுதல் வேண்டும். தீ மீண்டும் மூண்டால் உடனே திறப்பதற்காக ஒருவர் அதனருகிலேயே நிற்க வேண்டும். பம்பை நிறுத்தி, காப்பின்மை அறிவிப்பைத் தொங்கவிட்டு, கட்டட நிருவாகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

2. காற்று வரும் வழியையும் ஆக்சிலரேட்டருக்கான வழியையும் அடைத்தல் வேண்டும்.

3. முதன்மை வடிகாலையும் தாழ்ந்த இடத்து வடிகால்கள் அனைத்தையும் திறந்து நீரை முழுதும் வெளியேற்றுதல் வேண்டும். உறைகுளிர் அறையில் இப்படிக்கே விரைவு மிகத் தேவை. தங்கிய நீர் உறைந்துவிடின் குழாய்களைக் கழற்ற நேரிடும்.

4. திறந்துபோன தெளிப்பான்களை நீக்கி, அதே வெப்பநிலையும் அதே நீரளவும் உடைய புதியனவற்றைப் பொருத்துதல் வேண்டும்.

5. இரு அழுத்தமானிகளும் சுழி காட்டுவதை உறுதிசெய்த பின்னரே வால்வின் முகமூடியைக் கழற்றுதல் வேண்டும். தட்டின் ரப்பரையும் அமரும் வளையங்களையும் தூய துணியால் துடைத்து, கீறலோ மணலோ உள்ளதா எனத் தடவிப் பார்த்தல் வேண்டும். கிரீஸ் முதலியன தடவலாகாது. கசிவை நிறுத்தத் தடவும் பசை, தட்டு திறக்க வேண்டிய வேளையில் அதனைப் பிடித்து நிறுத்திவிடும்.

6. கொக்கியினின்று தட்டை விடுவித்து அமர்த்தி, முகமூடியைப் பொருத்தி, வடிகால்களை மூடுதல் வேண்டும். கையேடு கோருமாயின் தட்டின் மேல் குறித்த மட்டத்திற்கு நீர் ஊற்றுதல் வேண்டும்.

7. காற்றைச் செலுத்திக் குறித்த அழுத்தத்திற்குக் கொணர்ந்து, சொட்டு வால்வில் காற்று சீறவில்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். அதன்பின் ஆக்சிலரேட்டரை அதன் கையேட்டின்படி ஆயத்தப்படுத்துதல் வேண்டும்.

8. முதன்மை வடிகாலைத் திறந்து வைத்துக்கொண்டு, நீர்வழி வால்வை மெல்லத் திறத்தல் வேண்டும். வடிகாலில் நீர் ஓடத் தொடங்கியதும் வடிகாலை மெல்ல மூடுதல் வேண்டும். விரைந்து திறந்தால் நீர் அடிக்கும் அதிர்ச்சியில் தட்டு மீண்டும் எழுந்து, முழுப் பணியும் முதலிலிருந்து தொடங்கும்.

9. சொட்டு வால்வில் நீர் இல்லையெனில் நீர்வழி வால்வை முழுதும் திறந்து பூட்டுதல் வேண்டும். பம்பைத் தானியங்கு நிலைக்கு மாற்றி, எச்சரிக்கை மணியை மாற்றுவழியில் சோதித்து, அறிவிப்பை அகற்றிப் பதிவேட்டில் ஒப்பமிடுதல் வேண்டும்.

ஈரக்குழாயில் பழகியவர் தவறக்கூடிய இடங்கள் ஆறாம், எட்டாம் படிகளாகும். ஈரக்குழாயில் தெளிப்பானை மாற்றி நீர்வழியைத் திறந்தாலே பணி முடிந்துவிடும். அதே பழக்கத்தில், கொக்கியில் மாட்டிய தட்டை விடுவிக்காமல் இங்கு நீர்வழியைத் திறந்தால், நீர் நேரே உறைகுளிர் அறைக்குள் பாய்ந்து உறையும். பின்னர், அச்சத்தால் நீர்வழியை மூடியே விட்டுவிட்டால், ஐந்தில் மூன்று என மேலே கண்ட கணக்கில் இக்கட்டடமும் சேரும்.

சுவடி நூலகங்களுக்குப் பொருந்துமா?

1886இல் தோன்றிய அடையாறு நூலகம், 1943இல் நிறுவப்பட்ட உ.வே.சா. நூலகம் முதலியவற்றால் தென்சென்னை ஓலைச்சுவடிகளின் கருவூலமாகத் திகழ்கிறது. சுவடிகளின் மேல் நீர்க்குழாய் செல்வதை எண்ணி அஞ்சுவோர், குழாயில் நீரில்லாத உலர்குழாய் முறையை நாடக்கூடும். இவ்வெண்ணம் திருத்தம் வேண்டுவது. உலர்குழாயில் ஒரு தெளிப்பான் தவறி உடைந்தாலும் காற்று இறங்கி நீர் வந்தே தீரும். தாமதம் மட்டுமே மிச்சம். உள்ளே தங்கும் ஈரத்தால் அரிப்பு மிகுவதால், காலப்போக்கில் கசிவும் மிகலாம். சுவடிகளைத் தற்செயலான நீரினின்றும் காக்க விரும்புவோர்க்கு உரியது முன்னியக்க முறை. அதில், புகையையோ வெப்பத்தையோ உணரும் தனிக்கருவி செய்தி தந்தாலன்றிக் குழாய்க்குள் நீர் நுழையாது. ஒரு தெளிப்பான் உடைந்தால் மட்டும் நீர் பொழிவதில்லை. ஆயினும் அதன் வால்வுக்கும் மேற்கூறிய மீளமைப்பு ஒழுங்கும் பதிவேடும் இன்றியமையாதன.

முடிவுரை

உலர்குழாய் வால்வு தீயின்போது தானே இயங்கும்; ஆனால் தானே மீளாது. மீளமைப்புக்காக நீர்வழியை மூடிய கணத்திற்கும் மீளமைத்து முடித்த கணத்திற்கும் இடையே கட்டடம் காப்பின்றி நிற்கிறது. அவ்விடைவெளியைச் சுருக்குவது கருவியின் விலையன்று; அதனருகே நிற்பவரின் தெளிவே. வால்வின் மேல் பொறித்த வாசகங்களும் கையேடும் ஆங்கிலத்தில் இருக்க, சக்கரத்தைச் சுழற்றுபவர் தமிழில் சிந்திப்பவராக இருப்பாராயின், இரண்டுக்கும் இடையிலான பாலம் வால்வறையின் சுவரிலேயே அமைய வேண்டும். ‘நீர்வழி வால்வு – எப்போதும் திறந்திருக்க வேண்டும்’, ‘மூடுதட்டு – அமர்ந்திருக்க வேண்டும்’ என்னும் இரு தமிழ்ப் பலகைகளும், ஒன்பது படிகளைக் கொண்ட ஒரு தாளும், நாளிட்டு ஒப்பமிடும் ஒரு பதிவேடும் பெருஞ்செலவு வேண்டாதவை. தொழில்நுட்பத் தமிழின் பயன், அகராதியில் சொல் சேர்வதோடு முடிவதில்லை. அச்சொல் ஒரு வால்வைச் சரியான நிலையில் நிறுத்தும்போதே அது நிறைவு பெறுகிறது.